சிந்தாமணிக்கு லிங்க் இருக்கா?

கூகுள் டிரைவ் 2012 ஏப்ரல் 24ஆம் தேதி பிறந்ததாகக் கலிஃபோர்னியாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். டிராப்பாக்ஸ் அதற்கு நாலு வருஷம் மூத்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கோப்பைத் திறக்கப் போனால் திரை நடுவில் வந்து நிற்கிறதே, ‘உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரைக் கேளுங்கள்’ என்று ஒரு வாசகம், அதற்கு மட்டும் அவர்கள் சொந்தம் கொண்டாடக் கூடாது. காவிரிக் கரை மடங்களிலும் தாமிரபரணிக் கரைக் கவிராயர் வீடுகளிலும் திண்ணைக்குத் திண்ணை வழங்கிவந்த வாசகம் அது.

மேகம் மேகம் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அது வேறொருத்தர் வீட்டுப் பரண். நம் சாமானை அங்கே ஏற்றி வைத்திருக்கிறோம். நாம் போய்க் கேட்டால் இறக்கிக் கொடுப்பார். நாம் கைகாட்டி அனுப்புகிற மூன்றாம் மனிதருக்குக் கொடுப்பாரா என்பதுதான் வழக்கு. அவருக்கும் அந்த வீட்டில் கணக்கு இருந்தால் ‘வாங்கோ, உட்காருங்கோ.’ இல்லாவிட்டால் வாசலோடு சரி. தமிழ்நாட்டில் இந்த வழக்கின் முதல் வாதி என்று நான் முன்மொழிவது உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் குமாரர் சாமிநாதையரை.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வயது 25. ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் என்றால் அந்த வட்டாரத்தில் தனி மரியாதை. முன்சீப் மசியவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் ஆரம்பித்தார்: அந்தாதி இத்தனை, கலம்பகம் இத்தனை, கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம். மூச்சு வாங்கினார். முன்சீப் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதெல்லாம் சரி, பழைய நூல் ஏதாவது? சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

ஐயர் ஒன்றையும் படித்ததில்லை. அவர் மட்டுமா, அவருடைய ஆசிரியரே படித்ததில்லை. புஸ்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவைத்தார். இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சொல்வது இதுதான்: ‘லிங்க் வரலையே, வந்திருந்தா பார்த்திருப்பேனே!’ நம் காலத்தில் இதைச் சொன்னால் தப்பித்துவிடலாம். ஐயருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ‘நான் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டார் முன்சீப். அவரிடம் சிந்தாமணி இருந்தது, ஓலையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்த கைப்பிரதியாக.

கவனியுங்கள். முன்சீப் கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை. பிறந்த தேதி, அம்மாவின் இயற்பெயர், முதல் வளர்ப்பு நாயின் பெயர் எதுவும் கேட்கவில்லை. தன் பிரதியை எடுத்து, இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்துபோன பண்டிதர் கையில் கொடுத்துவிட்டார். நம் இலக்கிய வரலாற்றில் அதைவிடப் பெரிய ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ எனக்குத் தெரிந்து கிடையாது.

கோப்பு இறங்கிவிட்டது. திறக்கத்தான் முடியவில்லை. சிந்தாமணி சமண காவியம். ஐயர் படித்ததெல்லாம் சைவ மடத்தில். நச்சினார்க்கினியர் உரை இருக்கிறதே என்று அதைப் புரட்டினால், அந்த மகானுபாவர் பழைய நூல்களிலிருந்து வரி வரியாக மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று சொல்ல மாட்டார். பக்கத்துக்கு நாலு லிங்க், நாலும் செத்த லிங்க்.

சரி, யாரிடம் கணக்கு இருக்கிறதோ அவர்களைக் கேட்போம் என்று கும்பகோணத்துச் சமணக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போனார். வாசலில் கோலமும் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், ‘இன்றைக்குச் சிந்தாமணி பாராயணம் பூர்த்தி’ என்றார்கள். தமிழ்ப் பண்டிதர்கள் கண்ணாலேயே பார்க்காத நூல், பக்கத்துத் தெருவில் தினம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது! வேற்று மதத்துக்காரர் வந்து கேட்டால் சந்தேகம் வரத்தானே செய்யும்? கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குச் சிந்தாமணி புரிந்ததே அந்த வீட்டுக்காரர்களால்தான். அதற்காக அவர்களுக்குச் சிலை ஒன்றும் வைத்ததாகத் தெரியவில்லை. ஐயருக்கு மட்டும் மாநிலக் கல்லூரி வாசலில், கடற்கரையைப் பார்த்தபடி இருக்கிறது.

ஒரு பிரதி இருந்தால் பிழை. இரண்டு இருந்தால் சண்டை. பத்து இருந்தால்தான் பாடம் தெளியும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓட்டை விழுந்துவிடுமே என்று. ‘க’வா ‘க்’கா என்பதை வாசிக்கிறவர் தலையெழுத்து தீர்மானிக்கும். ஆகவே ஐயர் ஏட்டுக்கு அலைய ஆரம்பித்தார். ரயில், மாட்டுவண்டி, மீதிக்கு நடை. திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் கடிதம் கொடுத்து ஆள் அனுப்பி உதவினார். பெரிய இடத்து ‘அட்மின்’ ஒருவர் நம் பக்கம் இருந்தால் பாதிக் கதவு தானாகத் திறக்கும். மீதிப் பாதியில்தான் வேடிக்கை. பூட்டி வைத்திருப்பவர் படிக்கவும் மாட்டார், பார்க்க விடவும் மாட்டார். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் தெளிக்க வருஷத்துக்கு ஒருநாள் கட்டை இறக்குவார். அதையும் அவிழ்க்க மாட்டார். ‘பாட்டனார் காலத்து ஏடு, வெளியே போகக் கூடாது’ என்பார். உள்ளே என்ன நூல் இருக்கிறது என்று கேட்டால், அதையும் பாட்டனாரைத்தான் கேட்க வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது இதற்கெல்லாம் சிகரம். வரகுணராம பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் விசாரிக்கிறார். பழைய ஏடுகளை என்ன செய்வது என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம். அதன்படி குழி வெட்டி, அக்கினி வளர்த்து, ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்களாம். தேவஸ்தானத்து மனிதர் இதை ஒரு கைங்கரியமாகவே சொன்னார். நிரந்தரமாக அழித்தல் என்கிற பொத்தானை இத்தனை சாஸ்திரோக்தமாக அமுக்கியவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருக்க மாட்டார்கள். குப்பைத் தொட்டியில் முப்பது நாள் வைத்திருக்கிற நாகரிகம்கூடக் கிடையாது. ஐயர் கடைசிக் காலத்தில் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோதும் அந்த வயிற்றெரிச்சல் ஆறியிருக்கவில்லை.

இதற்கு நடுவில் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பதிப்புத் துறையில் ஐயருக்கு மூத்தவர், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர். சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்கிறேன், வைத்திருப்பதைக் கொடுங்கள் என்று கேட்கிறார். கதவு கதவாக ஏறி இறங்கி ‘பகிர்ந்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று ஊரைக் கேட்ட மனிதர் இப்போது என்ன செய்தார்? கொடுக்கவில்லை. எனக்கு இதில் அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. ராத்திரி பகலாகத் திருத்திய கோப்பை, ‘எடிட் அனுமதி’ கேட்டு இன்னொருத்தர் வந்தால் யார் கொடுப்பார்கள்? பார்க்கட்டும், படிக்கட்டும், கை வைக்கக் கூடாது. பார்வையாளர் வேறு, திருத்துநர் வேறு என்று மென்பொருள்காரர்கள் பிரித்து வைத்திருப்பதன் நியாயம் எனக்குப் புரிந்தது தாமோதரம் பிள்ளை புண்ணியத்தில்தான்.

1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. அச்சுக் கூலிக்குப் பணம் ஏது? முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுகிற கையொப்பக்காரர்களைப் பிடித்தார். இப்போது இதற்கு வேறு பெயர் வைத்து, தாங்களே கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொள்கிறார்கள். பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. காசு கொடுத்தால் எவரும் வாங்கலாம். சைவமா, சமணமா, மடத்தில் யார் தெரியும் என்கிற கேள்வி கிடையாது.

அவர் சேர்த்த ஏடுகள் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. அதற்குக் கொஞ்சம் முன்னால், அடையாறு ஆற்றங்கரையில், 1886இல் கர்னல் ஆல்காட் ஆரம்பித்த அடையாறு நூலகம். அங்கேயும் கட்டுக் கட்டாக ஓலை. நடுவில் ஒரு பாலம், இந்தப் பக்கம் வந்தால் கிரீன்வேஸ் சாலை, அப்புறம் எங்கள் அபிராமபுரம். தெருக்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிட்டுப் பெயர் வைக்க நேரமில்லாமல் போன பேட்டை. ஆனால் பரண்கள் உண்டு. பரண் விஷயத்தில் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாங்கள் சளைத்தவர்கள் கிடையாது.

அந்தப் பரண்களுக்கு வருவதற்குள், சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போகலாம். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வேலை கிடைத்தது. உட்கார்ந்தார். ஈ, காக்கை வரவில்லை. பொழுது போகாமல், பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். போனவர், பொம்மைக் கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்து அதிலிருந்து நூல்களை வகைப்படுத்த ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டு 1925இல் கப்பலேறித் திரும்பினார்.

வந்த வேகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். அதுவரை, சீட்டில் எழுதிக் கொடுத்தால் சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருவார், அல்லது ‘இல்லை’ என்று வருவார். இப்போது படிக்கிறவனே உள்ளே போய்த் தேடலாம். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இதை ஒரு விதியாக எழுதி வைக்க வேண்டியிருந்ததென்றால் அன்றைய நூலகர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே 1931 அக்டோபரில், மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. வாசகன் நூலகத்துக்கு வரவில்லையா? நூலகம் வண்டி கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போகும். கணக்கில்லாதவனிடம் கோப்பைக் கொண்டு சேர்க்கிற தொழில்நுட்பத்தில் அதற்குப் பிறகு பெரிய முன்னேற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. மாடு மட்டும் போயிற்று. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. கிளை நூலகங்கள் வந்தன, உறுப்பினர் அட்டை வந்தது, டெபாசிட் வந்தது, மறுபடியும் வாசலில் ‘கணக்கு இருக்கா?’ வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி அபிராமபுரத்துப் பரண். 1950 அக்டோபரில் கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பித்து 1954 மே வரை வாரா வாரம் வந்தது. வாரா வாரம் பாட்டிமார்கள் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, மணியம் படம் கசங்காமல் தலையணைக்கடியில் வைத்துப் பாதுகாத்து, கடைசியில் பைண்டு செய்து வைத்தார்கள். கெட்டி அட்டை, முதுகில் காலிகோ துணி. இதுதான் எங்கள் பேட்டையின் மேகச் சேமிப்பு. பார்வை அனுமதி பக்கத்து வீட்டுக்கு மட்டும். மருமகளின் பிறந்த வீட்டுக்குக் கிடையாது. முதல் பக்கத்தில் நீல மசியில் ‘இரவல் கேட்டு எங்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்த வேண்டாம்’ என்று எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதன் கீழேயே, வேறு கையெழுத்தில், பென்சிலில்: ‘நந்தினி பாவம்.’ ஓரத்தில் இன்னொருத்தி: ‘என்ன பாவம்? திமிர்.’ இரவல் கொடுத்ததேயில்லை என்று சாதித்த வீட்டுப் புஸ்தகத்தில் குறைந்தது மூன்று பெண்களின் கருத்துரைகள் இருந்தன.

பாட்டிகளாவது தேவலை. ஸ்பூல் டேப் மாமாக்கள் இருந்தார்களே! அறுபதுகளில் கச்சேரிக்குக் கச்சேரி மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஒலிப்பதிவு செய்து வைத்தவர்கள். மதுரை மணி, ஜி.என்.பி., ஆலத்தூர் எல்லாரும் அவர்கள் மர அலமாரியில் தேதிவாரியாகச் சுருண்டு படுத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் காபி கொடுத்து உட்கார வைத்துக் கேட்க விடுவார்கள். தாராள மனசு. ஆனால் நீங்கள் பையிலிருந்து வெற்று கேசட்டை எடுத்தீர்களோ, முகம் கறுத்துவிடும். கேட்கலாம், நகல் கூடாது. இப்போது ‘பதிவிறக்கத்தை முடக்கு’ என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். அந்த நாளில் அதை மாமா ஒரு கனைப்பில் செய்துவிடுவார். மாமா போன பிறகு டேப்பில் பூஞ்சை. கரிவலம்வந்தநல்லூரில் நெய் செலவாவது ஆயிற்று.

பிறகு இன்டர்நெட். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர். இங்கே கணக்கைவிடப் பெரிய தடை ஒன்று முளைத்தது: எழுத்துரு. நீங்கள் அனுப்பிய தமிழ்க் கடிதம் எதிராளியிடம் அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழ். இல்லாவிட்டால் பூச்சி, டாலர், கேள்விக்குறி. கடிதத்தோடு அரிச்சுவடியையும் ஃபிளாப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். திஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். ஒரு வழி பண்ணலாம் என்று 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டினார்கள். விசைப்பலகைக்கு ஒரு தரம் கிடைத்தது. குறியேற்றத்துக்கு டாம், டாப் என்று இரண்டு. ஒன்று கேட்டால் இரண்டு கொடுப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தக் கூத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தை ஆரம்பித்திருந்தார். ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் வேலைவெட்டி முடிந்து ராத்திரியில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். காசு இல்லை, கணக்கு இல்லை, கடவுச்சொல் இல்லை. புறநானூற்றை எத்தனை மைல் அலைந்து ஐயர் சேர்த்தாரோ, அது இன்று மந்தைவெளி சிக்னலில் ஆட்டோ நிற்கிற நேரத்தில் இறங்கிவிடுகிறது. படிக்கிறோமா என்று கேட்காதீர்கள். லிங்க் வந்தது.

2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தபோது ஒரு ஜிகாபைட் இடம் என்றார்கள்; முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலரும் நினைத்தார்கள். அழைப்பு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். டிசம்பர் சீசனில் சபா முன்வரிசைக்கு அலைந்து பழகிய ஊர் ஆதலால் எங்களுக்கு அந்த ஏற்பாடு உடனே புரிந்துவிட்டது. யாருக்கு அழைப்பு அனுப்புவது, யாருக்கு ‘தீர்ந்துபோச்சு’ என்று சொல்வது என்பதில் சம்பந்தி மரியாதைகளெல்லாம் பார்க்கப்பட்டன.

இப்போது அழைப்பெல்லாம் வேண்டாம். நாலாவது தெருவில் ஒரு மாமிக்கும் மாமாவுக்கும் சஷ்டியப்த பூர்த்தி. அமெரிக்காவிலிருந்து பையன், யார் யார் வருகிறார்கள், எந்த வேளை சாப்பாட்டுக்கு என்று ஒரு விரிதாள் தயாரித்து, உறவுக்காரர்களின் மின்னஞ்சல்களை மட்டும் சேர்த்துப் பூட்டி அனுப்பினான். ஸ்ரீரங்கத்துச் சித்தியிடம் கணக்கு இல்லை. நங்கநல்லூர்ப் பெரியப்பாவிடம் இருக்கிறது. கடவுச்சொல் அவருடைய பேரனிடம், பேரன் மெல்பர்னில். ‘எங்காத்து விசேஷத்துக்கு வர எதுக்குடா பாஸ்வேர்டு? எல்லாருக்கும் தெறந்து விடு’ என்றாள் மாமி. ரங்கநாதன் இருந்திருந்தால் எழுந்து கை கொடுத்திருப்பார்.

திறந்துவிடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்கில்லாதவர் உள்ளே வர, அந்த நீளமான லிங்க்கே சாவி. யாராலும் ஊகிக்க முடியாத எழுத்துக் கோவை அது. ஆனால் யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளே வரலாம், அவர் இன்னொருத்தருக்கு அனுப்பினால் அவரும் வரலாம். பார்க்க மட்டும் திறக்கலாம், திருத்தவும் திறக்கலாம். பையன் அவசரத்தில் திருத்தவும் திறந்துவிட்டான். கணக்கில்லாமல் உள்ளே வருகிறவர்களுக்குப் பெயர் தெரியாதல்லவா, அந்த மென்பொருள் ஆளுக்கொரு மிருகத்தின் பெயரைச் சூட்டும். அன்று சாயங்காலம் மாமியின் ஐபேடில் பெயர் தெரியாத நரி, பெயர் தெரியாத கேபிபாரா, பெயர் தெரியாத நீர்யானை மூன்றும் பந்திப் பட்டியலில் உலாவிக்கொண்டிருந்தன. மாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்யானை, ‘மாலை டிபன் மட்டும்’ என்றிருந்த நங்கநல்லூர்க் கிளையை முழுச் சாப்பாட்டுக்கு மாற்றியது. பதினொரு பேரைப் புதிதாகச் சேர்த்தது. மாமியின் அத்தை பிள்ளையை அடியோடு எடுத்துவிட்டது.

யார் செய்தது என்று பழைய மாற்றங்களைப் புரட்டினான் பையன். ‘பெயர் தெரியாத பயனர்கள்’ என்று மொத்தமாக ஒரே வரிதான் இருந்தது. மாமிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பதினொரு பெயரையும் ஒருதரம் மேலிருந்து கீழே படித்தாள்.

“உங்க தம்பிதான்னா” என்றாள் மாமாவிடம். “பூராவும் அவர் ஆம்படையா மனுஷா.”